உதிரிப்பூவும் சீரமும்: முகத்தோலுக்கு அமினோ அமிலம் என்ன செய்யும், என்ன செய்யாது

"ஏன் அம்மிணி, ஆசிட்டையா மூஞ்சில பூசறா இவ?" என்று போன மாசியில் நங்கையா போன் செய்தார். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அவருடைய மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நாள் முழுக்க ஏசி அறை, வெளியே வந்தால் வெயிலும் புழுதியும். முகம் சொரசொரவென்று ஆகி, மூக்கோரம் வெள்ளையாகத் தோல் உரிய ஆரம்பித்ததும், யாரையும் கேட்காமல் ஆன்லைனில் ஒரு 'அமினோ ஆசிட் சீரம்' வாங்கிவிட்டாள். 30 மில்லி பாட்டில். விலை தெரிந்தால் நங்கையா இன்னொரு முறை போன் செய்வார், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

நான் கோபிச்செட்டிபாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். செல்போனில் ஒரு பாட்டில் படத்தைக் காட்டி, "இது நல்லதுங்களா?" என்று கேட்பவர்கள் வாரத்துக்கு நான்கைந்து பேராவது வருவார்கள். கடையில் நின்றுகொண்டே முழுசாகச் சொல்ல முடிவதில்லை. பின்னால் ஒருவர் சீட்டோடு நிற்பார். இங்கே உட்கார்ந்து சொல்கிறேன்.

முதலில் அந்த 'அமிலம்' என்ற சொல்லைத் தீர்த்துவிடுவோம். பேட்டரிக்கு ஊற்றுவதும் கக்கூஸ் கழுவுவதும்தான் நமக்குப் பழக்கப்பட்ட ஆசிட். பியூட்டி பார்லரில் 'பீல்' செய்யும் கிளைகாலிக் அமிலம், பருவுக்குப் பூசும் சாலிசிலிக் அமிலம் இவையும் தோலின் மேற்பகுதியைத் தளர்த்தி உரிப்பவை. அளவு மீறினால் எரியும். அமினோ அமிலம் அந்த ரகம் இல்லை. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு முனை அமிலம், மறுமுனை காரம்; இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும். அர்ஜினின் என்று ஒன்று உண்டு, பெயர்தான் அமிலம். தண்ணீரில் கரைத்தால் நல்ல காரம். கிளைசின் நாக்கில் வைத்தால் இனிக்கும். இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. நாம் சாப்பிடும் கொள்ளுப்பருப்பும் முட்டையும் செரித்துக் கடைசியில் அமினோ அமிலங்களாகத்தான் ரத்தத்தில் சேர்கின்றன. "எரியாதுங்க, பயப்படாதீங்க" என்று நங்கையாவிடம் சொன்னேன். அவர் நம்பினாரா என்பது வேறு விஷயம்.

சரமும் உதிரியும்

சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறீர்களா? விடியற்காலையில் மூட்டை மூட்டையாக மல்லி வந்து இறங்கும். அது உதிரிப்பூ, கிலோக் கணக்கு. அதையே நாரில் கட்டிவிட்டால் சரம், முழக் கணக்கு. புரதம் என்பது சரம். அமினோ அமிலம் என்பது உதிரிப்பூ. நம் உடம்பு சரம் கட்டுவதற்கு 20 வகைப் பூ வைத்திருக்கிறது. எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்ற வரிசையை மாற்றினால் சரமும் மாறும். ஒரு வரிசையில் கட்டினால் முடியிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டின். இன்னொரு வரிசையில் கட்டினால் தோலைத் தொய்யாமல் பிடித்து வைக்கும் கொலாஜன். கொலாஜன் சரத்தில் ஒவ்வொரு மூன்றாவது பூவும் கிளைசின்.

இரண்டு பூ, மூன்று பூ, பத்துப் பூ என்று சின்னதாகக் கட்டியிருந்தால் அதற்குப் பெயர் பெப்டைடு. முழுச் சரத்தைக் கத்தரித்துத் துண்டு துண்டாகப் போட்டால் 'ஹைட்ரலைஸ்டு புரோட்டீன்'. இந்த நான்கையும் மனதில் வையுங்கள்: உதிரி, கொத்து, துண்டுச்சரம், முழுச்சரம். அழகுசாதனக் கம்பெனிகள் இந்த நான்கையும் ஒரே மாதிரி விளம்பரம் செய்கின்றன. தோலில் நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

தோல் தானே கட்டி, தானே உதிர்ப்பது

முகத்தில் நாம் தொட்டு உணர்வது செத்த செல்களின் ஓர் அடுக்கு. தடிமன் 0.01 அல்லது 0.02 மில்லிமீட்டர்தான். செத்தது என்றாலும் காய்ந்தது இல்லை. நல்ல தோலில் இந்த அடுக்கு கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஈரம் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வளையாமல் வெடிக்க ஆரம்பிக்கும். சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைத் தோல் உரிவது அந்த நிலையில்தான்.

ஈரத்தைப் பிடித்து வைப்பது எது? அந்தச் செத்த செல்களுக்குள் ஊறிக் கிடக்கும் ஒரு கலவை. இயற்கை ஈரக் காரணி என்பார்கள், பாட்டிலில் என்.எம்.எஃப். என்று போட்டிருக்கும். அந்தக் கலவையில் ஏறக்குறைய 40 சதவீதம் அமினோ அமிலங்கள், அதுவும் உதிரியாக. அதற்கடுத்து பி.சி.ஏ. என்ற பொருள் சுமார் 12 சதவீதம். இதுவும் ஓர் அமினோ அமிலத்தின் வழித்தோன்றல்தான். பிறகு லேக்டிக் அமிலத்தின் உப்பு இன்னொரு 12 சதவீதம், யூரியா 7 சதவீதம், மிச்சம் உப்புகளும் சர்க்கரையும். யூரியாவை ஞாபகம் வையுங்கள், கடைசியில் வருவேன்.

இவ்வளவு உதிரிப்பூ எங்கிருந்து வந்தது? இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தோலின் கீழடுக்கில் செல்கள் உயிரோடு இருக்கும்போதே ஃபிலாக்ரின் என்ற சரத்தைக் கட்டி வைக்கின்றன. செல் மேலே மேலே வந்து, தட்டையாகி, காய ஆரம்பிக்கும்போது நொதிகள் வந்து அந்தச் சரத்தை ஒவ்வொரு பூவாகப் பிரித்துப் போடுகின்றன. கட்டியதே பிரிப்பதற்காகத்தான்! அதுவும் எப்போது வேண்டுமானாலும் பிரிப்பதில்லை. சுற்றிலும் ஈரம் அதிகமாக இருந்தால் சரம் சும்மா இருக்கும். காற்று உலர ஆரம்பித்தால்தான் பிரியும். அம்மா வயிற்றில் தண்ணீருக்குள் மிதக்கும் குழந்தைக்கு இது தேவைப்படாது. வெளியே வந்து காற்றுப் பட்ட பிறகுதான் தோல் இந்த வேலையைத் தொடங்குகிறது. பிரிந்த பூக்களில் சில அப்படியே இருக்கும், சில உருமாறும். குளுட்டமின் பி.சி.ஏ. ஆகும். ஹிஸ்டிடின், வெயிலின் புற ஊதாக் கதிரை ஓரளவு உறிஞ்சும் யூரோகானிக் அமிலமாக மாறும்.

சிலருக்குப் பிறவியிலேயே ஃபிலாக்ரின் சரியாகக் கட்ட வராது. எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் காலில் மீன் செதில் போலத் தோல் இருக்கும்; உள்ளங்கையில் ரேகைகள் வழக்கத்தைவிட நிறைய, ஆழமாக ஓடும். இதற்கு ஃபிலாக்ரின் மரபணுவில் உள்ள பழுதே காரணம் என்று 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். குழந்தைகளுக்கு வரும் கரப்பான் போன்ற எக்ஸிமாவுக்கும் இந்தப் பழுதுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது அதே ஆண்டில் வெளியானது. அப்படிப்பட்ட தோல் உள்ளவர்கள் சீரம் தேடி அலைய வேண்டாம், தோல் டாக்டரைப் பாருங்கள்.

பட்டுத் தொட்டியில் கை வைத்தவர்கள்

தோலின் உதிரிக் கூட்டத்தில் அதிகமாக இருப்பது செரின். இதற்கும் எங்கள் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கோபியைச் சுற்றி மல்பெரித் தோட்டமும் புழு வளர்ப்பு மனையும் நிறைய. பட்டுக்கூட்டில் இரண்டு புரதம்: உள்ளே இழையாக ஓடும் ஃபைப்ராயின், அந்த இழைகளை ஒட்டி வைக்கும் பசையான செரிசின். கூட்டின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தப் பசைதான். 1865-ல் கிராமர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பட்டுப் பசையைப் பிரித்துப் பார்த்தபோது புதிதாக ஓர் அமினோ அமிலம் கிடைத்தது. பட்டுக்கான லத்தீன் சொல்லை வைத்து அதற்கு செரின் என்று பெயர் வந்தது. இன்று கடையில் விற்கும் 'சில்க் புரோட்டீன்' கிரீம்களின் பெருமையெல்லாம் இந்தச் சரித்திரத்தை வைத்துத்தான்.

நூல் எடுக்கும் இடத்தில் கூட்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் பசை இளகும், இழை முனை கிடைக்கும். அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தால் கஞ்சி போல் வழுவழுவென்று இருக்கும். புழு வெந்த வாடை துணியில் இரண்டு நாள் நிற்கும். அவ்வளவு பட்டுப் பசையில் நாள் முழுக்கக் கை வைத்திருப்பவர்களின் விரல் ரோஜா இதழ் போல் இருக்க வேண்டும், இல்லையா? பழைய தொட்டி முறையில் நூல் எடுத்த ஓர் அக்கா என் கடைக்கு வருவார். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறி, நகக்கண்ணில் வெடிப்பு, ஓரத்தில் தோல் சுருண்டு நிற்கும். ஆயின்மென்ட் வாங்கும்போது பணத்தை எண்ண முடியாமல் பர்ஸையே என்னிடம் நீட்டுவார்.

ஏன் அப்படி? ஒன்று, செரிசின் சரம். செரின் உதிரி. சரத்தில் கை வைத்தால் உதிரி தோலுக்குள் போய்விடாது. இரண்டாவது காரணம்தான் முக்கியம். நம் தோலில் இருக்கும் உதிரி அமினோ அமிலம் தண்ணீரில் கரையும். சுடுதண்ணீரில் இன்னும் வேகமாகக் கரையும். மணிக்கணக்கில் ஊறினால் உள்ளே இருந்தது வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வராது. அந்த அக்காவின் கையைப் பார்த்த பிறகு, "முகத்துக்கு எந்த அமினோ ஆசிட் போடலாம்?" என்று யார் கேட்டாலும், "எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

முதலில் கழுவுகிற விஷயம்

தோலின் மேற்பரப்பு லேசான புளிப்பு. புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பி.ஹெச். கணக்கில் 4.5-லிருந்து 5.5 வரை. குளியல் சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். சோப்பு உறையில் டி.எஃப்.எம். 76 சதவீதம், முதல் கிரேடு என்று பார்த்து வாங்குபவர்கள் உண்டு. அது சோப்பில் கொழுப்புச் சத்து எவ்வளவு என்பதைத்தான் சொல்லும், அதனால் காரம் குறைந்துவிடாது. ஒவ்வொரு முறை முகம் கழுவும்போதும் அழுக்கோடு சேர்ந்து கொஞ்சம் எண்ணெயும் கொஞ்சம் உதிரியும் போகிறது. தோல் மறுபடி புளிப்புக்குத் திரும்பச் சில மணி நேரம் பிடிக்கும். நாளுக்கு நான்கு முறை கழுவினால் திரும்பவே நேரமில்லை.

தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டில் சோப்பு நுரைத்துத் தள்ளும். அவிநாசி, பல்லடம் பக்கத்துப் போர் தண்ணீரில் அதே சோப்பு திரிந்த பால் மாதிரி ஆகும். தண்ணீரில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாக வாளியில் நிற்கும். வாளியில் நிற்பது முகத்தில் நிற்காதா? முகம் கழுவிய பிறகு 'பிசுக்கு போகல' என்று இன்னொரு தடவை சோப்புப் போடுவது இதனால்தான். என் அண்ணன் மகள் திருப்பூரில் தங்கியிருந்த ஹாஸ்டலில் இதே கதைதான்.

இங்கேதான் அமினோ அமிலம் உண்மையிலேயே காசுக்குத் தகுந்த வேலை செய்கிறது என்று நான் நினைக்கிறேன். சீரத்தில் அல்ல, ஃபேஸ்வாஷில். தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்பு அமிலத்தை ஓர் அமினோ அமிலத்தோடு சேர்த்தால் மென்மையான நுரைப்பான் ஒன்று கிடைக்கும். பின் லேபிளில் சோடியம் கோகோயில் கிளைசினேட், டைசோடியம் கோகோயில் குளுட்டமேட், சோடியம் லாராயில் சார்கோசினேட் என்றெல்லாம் இருக்கும். 'கோகோயில்' என்றால் தேங்காயிலிருந்து வந்தது, நம் பொள்ளாச்சிச் சரக்கு மாதிரி. பின்பாதிப் பெயர் அமினோ அமிலத்தைச் சொல்லும்: கிளைசினேட் என்றால் கிளைசின், குளுட்டமேட் என்றால் குளுட்டமிக் அமிலம். சார்கோசினேட்டும் கிளைசினின் நெருங்கிய உறவுதான். நுரை கம்மியாக, பாலாடை போல இருக்கும். கழுவிய பிறகு கன்னம் இழுத்துப் பிடிக்காது. உப்புத் தண்ணீரிலும் பெரும்பாலும் சோப்பு அளவுக்குப் படிவு விடாது.

ஒரு சின்ன எச்சரிக்கை: கிளைசினேட்டை மட்டும் பிரதானமாக வைத்த சில ஃபேஸ்வாஷ் நன்றாக நுரைப்பதற்காகக் கொஞ்சம் காரப் பக்கமாகவே இருக்கும். குளுட்டமேட் உள்ளது தோலின் புளிப்போடு ஒத்துப்போகும். லேபிளில் பி.ஹெச். 5.5 என்று போட்டிருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

"அந்தக் காலத்துல அமுச்சி பாசிப்பயத்தமாவும் கடலமாவும் போட்டுக் குளிச்சாங்களே, அதுலயும் புரோட்டீன் இருக்குதுங்களே" என்று கேட்பார்கள். இருக்கிறது, முழுச்சரமாக. பயத்தமாவு எண்ணெயை உறிஞ்சி எடுக்கும், சோப்பு அளவுக்குத் தோலை வறட்ட மாட்டாது. அதனால் நல்லதுதான். ஆனால் அதிலிருந்து அமினோ அமிலம் தோலுக்குள் போகிறது என்பது இல்லை. சொரசொரப்பாக அரைத்த மாவை வைத்துத் தேய்தேய் என்று தேய்க்காமல் இருந்தால் போதும். அரப்பு? அதைத் தலைக்கே வைத்துக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் நாள் முழுக்கக் கண்ணைத் திறக்க முடியாது.

சரி, சீரம்?

மூலக்கூறு எடை 500-க்கு மேல் உள்ள பொருள் நல்ல தோலைத் தாண்டி உள்ளே போவது கடினம் என்று தோல் ஆய்வில் ஒரு கணக்கு உண்டு. கிளைசினின் எடை 75. இருபதில் பெரியதான டிரிப்டோஃபேன் 204. அப்படியானால் சுலபமாகப் போய்விடுமே என்று தோன்றும். ஆனால் இவை தண்ணீரோடு ஒட்டும் பொருட்கள், தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே இருப்பது கொழுப்பு. ஆகவே பெரும்பகுதி மேலடுக்கோடு நின்றுவிடும். நிற்கட்டும், நமக்கு வேண்டியதும் அங்கேதான். கழுவிப் போன உதிரிக்குப் பதிலாகக் கொஞ்சம் உதிரி வெளியிலிருந்து வந்து ஈரத்தைப் பிடிக்கிறது. செரின், கிளைசின், அலனின், புரோலின், அர்ஜினின், சோடியம் பி.சி.ஏ. என்று லேபிளில் வருவதெல்லாம் இந்த வேலைக்கு.

இதனால் கிடைப்பது: வறட்சி குறையும், உரிவது நிற்கும், தோல் மிருதுவாகும், ஈரம் ஏறிய தோலில் மெல்லிய கோடுகள் கொஞ்சம் மங்கித் தெரியும். கிடைக்காதது: கொலாஜன் ஊறி சுருக்கம் மறைவது, பருக்குழி நிரம்புவது, நிறம் மாறுவது. கொலாஜன் கட்டப்படுவது கீழே, உயிருள்ள அடுக்கில், ரத்தம் கொண்டுவரும் அமினோ அமிலத்தை வைத்து. மேலிருந்து பூவைக் கொட்டினால் கீழே உட்கார்ந்து யாரும் சரம் கட்ட மாட்டார்கள். முழுக் கொலாஜனைக் கிரீமில் கலந்து விற்பது இன்னும் வேடிக்கை. அதன் எடை சுமார் 3 லட்சம்! வாசலிலேயே நின்றுவிடும்.

கடைக்காரி சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்கிறேன். ஈரம் பிடிக்கும் வேலையைச் சாதாரணக் கிளிசரின் இதைவிட மலிவாகச் செய்யும். அமினோ அமிலச் சீரம் பிசுபிசுக்காது, தோலுக்குப் பழக்கமான பொருள், எரிச்சல் மிக அரிது. கூடுதல் காசு அதற்குத்தான். பட்ஜெட் இடித்தால் நல்ல ஃபேஸ்வாஷ் வாங்கிக்கொண்டு, கிளிசரின் உள்ள சாதாரண மாய்ஸ்சரைசரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போடும் முறையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இவை தண்ணீரைப் பிடிக்கும் பொருட்கள், மூடி அல்ல. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றை நினைத்துப் பாருங்கள். உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று உங்கள் கன்னத்து ஈரத்தை விட்டுவைக்குமா? சீரத்தை மட்டும் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினால் பத்து நிமிடத்தில் முகம் முன்னைவிட இறுகும். முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே மூன்று நான்கு சொட்டு. அது காய்வதற்குள் மேலே ஒரு மாய்ஸ்சரைசர். செராமைடு, டைமெத்திகோன், பெட்ரோலேட்டம் இவற்றில் ஏதாவது ஒன்று அதில் இருந்தால் அது மூடி. தேங்காய் எண்ணெயும் மூடிதான். ஆனால் பரு வரும் முகத்தில் அது துவாரத்தை அடைக்கும், கைகாலுக்குப் போட்டுக்கொள்ளலாம். பகலானால் கடைசியில் சன்ஸ்கிரீன். நான்கு வாரம் விடாமல் போட்டும் எதுவும் தெரியவில்லை என்றால் அடுத்த பாட்டில் வாங்காதீர்கள்.

பொருட்பட்டியல் பெரும்பாலும் அளவு வரிசையில் இருக்கும், அதிகமானது முதலில். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். '12 அமினோ அமிலங்கள்' என்று முன்பக்கம் தங்க எழுத்தில் இருந்து, பின்பக்கம் அந்தப் பன்னிரண்டும் வாசனைப் பொருளுக்கும் பதப்படுத்திக்கும் பின்னால் வரிசை கட்டி நின்றால், ஊறுகாய்க்கு உப்புக் காட்டிய கதைதான்.

துண்டுச்சரம் பற்றி ஒரு விஷயம். ஜப்பானில் ஒரு முகச் சோப்பில் ஹைட்ரலைஸ்டு கோதுமைப் புரதம் கலந்திருந்தது. அதைப் பயன்படுத்திய 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பிறகு கோதுமை சாப்பிட்டாலே ஒவ்வாமை வந்தது. 2011-ல் அது பெரிய விவகாரமானது. உதிரி அமினோ அமிலத்துக்கு ஒவ்வாமை வருவது மிக மிக அரிது, சரத்துண்டுகளுக்கு வரலாம். எதுவானாலும் தாடைக்கு அடியில் கொஞ்சம் தடவி இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு முகம் முழுக்கப் போடுங்கள்.

பெயர் ஒட்டிய சிலர்

கடையில் இதோடு சேர்த்துக் கேட்கப்படுபவை இரண்டு. டிரானெக்சாமிக் அமிலம்: லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பார்த்துச் செய்த செயற்கைப் பொருள். ஒகாமோட்டோ என்ற ஜப்பானியத் தம்பதி 1962-ல் ரத்தப்போக்கை நிறுத்துவதற்காக உருவாக்கியது. மாதவிலக்கில் அதிகம் போனால் டாக்டர் எழுதுவாரே, அதே மருந்து. கன்னத்தில் வரும் மங்குக்கு இதைக் கிரீமாகவும் சீரமாகவும் போடுகிறார்கள், சிலருக்கு நன்றாகவே கேட்கிறது. மங்குக்காக மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். ரத்தம் உறையும் ஆபத்து யாருக்கு இருக்கிறது என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று குளூட்டாதயோன். குளுட்டமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் என்று மூன்று பூக் கொத்து. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, "வெள்ளையாக ஊசி போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள், பெரும்பாலும் பெண்ணின் அம்மா. நிறம் வெளுக்க ஊசி போடுவது ஆபத்து என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது. நான் விற்பதில்லை. அந்தப் பெண் முகத்தில் என்ன குறை என்றும் எனக்கு இதுவரை புரிந்ததில்லை.

குடிக்கிற கொலாஜன் பவுடரைக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கொலாஜனில் டிரிப்டோஃபேன் கிடையாது, அதனால் அது முழுமையான புரதமே இல்லை. நாமக்கல் முட்டையில் எல்லாமே இருக்கிறது. முட்டை சாப்பிடாதவர்களுக்குக் கம்பஞ்சோறும் பருப்பும்: தானியத்தில் குறையும் லைசினைப் பருப்பு ஈடுகட்டும், பருப்பில் குறையும் மெத்தியோனினைத் தானியம் ஈடுகட்டும். கூடவே ஒரு நெல்லிக்காய். கொலாஜன் சரம் முறுக்கேற வைட்டமின் சி வேண்டும்.

அண்ணன் மகள் விஷயம்: அவள் சீரத்தை நான் நிறுத்தச் சொல்லவில்லை. சோப்பை நிறுத்தச் சொன்னேன், ஃபேஸ்வாஷ் ஒன்று கொடுத்தேன், சீரத்துக்கு மேலே மூடி போடச் சொன்னேன். மூன்று வாரத்தில் மூக்கோரம் உரிவது நின்றுவிட்டது. எதனால் என்று கேட்டால், முக்கால் பங்கு சோப்பை விட்டதால் என்பேன். அவள் சீரத்தால் என்பாள்.

மார்கழியில் நங்கையாவே கடைக்கு வந்தார். குதிகாலில் பித்தவெடிப்பு, நடக்க முடியவில்லை. 20 சதவீத யூரியா கிரீம் எடுத்துக் கொடுத்தேன். தோலில் இருக்கும் அர்ஜினினிலிருந்து உடம்பு தானே செய்துகொள்ளும் பொருள், தடித்த தோலை இளக்கி ஈரத்தைப் பிடிக்கும் என்று விளக்கவும் செய்தேன். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யூரியாவா? தடப்பள்ளி வாய்க்காப் பாசனத்துல நெல்லுக்கு உங்கண்ணன் மூட்டை மூட்டையாப் போடறதே, அதா?"

"அதேதானுங்க நங்கையா."

"ஏன் அம்மிணி, அன்னிக்கு மகளுக்கு ஆசிட்டு, இன்னிக்கு எனக்கு ஒரமா?" என்றபடி பையில் போட்டுக்கொண்டார்.